தூங்கும்போதுதான் பேட்டரி தீருகிறது

களக்காட்டு வாழைத் தோட்டத்திலோ அம்பாசமுத்திரம் பக்கத்து வயலிலோ மண்ணின் ஈரம் பார்க்க ஒரு வயர்லெஸ் சென்சார் பெட்டியை நடுகிறோம். இரண்டே வாரத்தில் அது ஊமையாகிவிடுகிறது. உடனே பெரிய பேட்டரி, பெரிய சோலார் பேனல் என்று செலவு ஏறுகிறது. தயவுசெய்து முதலில் அந்தப் பெட்டி தூங்கும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளந்து பாருங்கள்.

இந்தப் பெட்டிகளுக்கு மூளையாகப் பலர் போடும் ஈஎஸ்பி32 சிப், வேலையில்லாத நேரத்து ஆழ்ந்த தூக்கத்தில் சுமார் 10 மைக்ரோ ஆம்ப்தான் எடுக்கும். ஆனால் கடையில் கிடைக்கும் போர்டுகள் பலவற்றில் எல்ஈடி, யூஎஸ்பி சிப், வோல்டேஜைச் சீராக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் எல்லாம் விழித்தே கிடக்கும். அந்த ரெகுலேட்டர் ஒன்றே 5 மில்லி ஆம்ப் தின்னும். மொத்தம் 6 மில்லி ஆம்ப் என்று வைத்தால் நாளுக்கு 144 மில்லி ஆம்ப் அவர். 18650 என்ற லித்தியம் செல்லில் நம்பி எடுக்கக்கூடியது 2,000 மில்லி ஆம்ப் அவர். பதினான்கு நாளில் கதை முடிந்தது.

அதற்குப் பதில் 3.3 வோல்ட் அர்டுயினோ ப்ரோ மினி போர்டில் எல்ஈடியையும் ரெகுலேட்டரையும் கழற்றிவிட்டு, 2 மைக்ரோ ஆம்புக்கும் குறைவாக எடுக்கும் எம்சிபி1700 ரெகுலேட்டர் போட்டு, லோரா என்ற தொலைதூர ரேடியோவையும் தூங்க வைத்தால், தூக்கக் கரண்டை 50 மைக்ரோ ஆம்புக்குள் நிறுத்தலாம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை 2 விநாடி விழித்து 40 மில்லி ஆம்ப் எடுத்தாலும் நாளுக்கு மூன்றேகால் மில்லி ஆம்ப் அவர்தான் ஆகும். அதே செல் ஒரு வருஷம் தாராளமாக ஓடும்.

ஈர சென்சாரை நேராக சப்ளையில் கொடுக்காதீர்கள், அது 5 மில்லி ஆம்ப் இழுத்துக்கொண்டே இருக்கும். போர்டின் ஒரு பின்னிலிருந்து சப்ளை கொடுத்து, அரை விநாடி பொறுத்து, அளந்ததும் அணைத்துவிடுங்கள்.

அளக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பில் வைத்து ஆன் செய்தால், விழிக்கும் நேரத்துக் கரண்டுக்கு மீட்டரிலேயே வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். மீட்டரின் இரு முனைகளையும் ஒரு கிளிப் ஒயரால் இணைத்து வைத்து, போர்டு தூங்கியபின் கிளிப்பை எடுத்துப் படியுங்கள். விழிப்பதற்குள் திரும்ப மாட்டிவிட வேண்டும்.

வாழைக்கன்று நட்டபோது நன்றாக எட்டிய சிக்னல், இலை அடர்ந்து மூடியதும் எட்டாது. இலை முழுக்கத் தண்ணீர்தானே, ரேடியோ அலையை விழுங்கிவிடும். இதற்காக லோராவை வேகமான எஸ்எஃப்7 அமைப்பிலிருந்து, மெதுவாகப் பேசி அதிக தூரம் எட்டும் எஸ்எஃப்12-க்கு மாற்றினால், 60 மில்லி விநாடியில் முடியும் சின்னச் செய்தி ஒன்றரை விநாடி ஓடும். ஒவ்வொரு செய்திக்கும் இருபது மடங்குக்கு மேல் மின்சாரம் போகும். அதைவிட ஆன்டெனாவை வாழைத் தலைக்கு மேலே ஏற்றுவது மலிவு.

பெட்டிக்குப் பெட்டி செய்தி கடத்தும் வலையமைப்பில் எல்லாச் செய்திகளும் போய்ச் சேரும் மையப் பெட்டியான கேட்வேக்குப் பக்கத்துப் பெட்டிதான் முதலில் சாகும். மற்றவற்றின் சுமையையும் அது சுமக்கிறது. செய்தி வருமா என்று ரேடியோவின் காதைத் திறந்தே வைத்திருந்தால் சுமார் 11 மில்லி ஆம்ப், நாளுக்கு 264 மில்லி ஆம்ப் அவர். முடிந்தவரை ஒவ்வொரு பெட்டியும் கேட்வேயோடு நேரடியாகப் பேசட்டும். இடையில் ஒன்று வேண்டியே தீரும் என்றால், கரண்ட் இருக்கும் பம்புசெட் ரூமில் வையுங்கள்.

அதற்கும் வழியில்லாமல் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துப் பேசும்படி அமைத்தால் கடிகாரத்தைக் கவனியுங்கள். பத்து லட்சத்தில் 20 பங்கு வரை பிசகும் (20 பிபிஎம்) கடிகாரக் கிரிஸ்டல் நாளுக்கு ஒன்றே முக்கால் விநாடி வரை விலகும். தினம் ஒருமுறை நேரத்தைச் சரிசெய்யாவிட்டால், ஒரே வாரத்தில் ஒன்று பேசும்போது மற்றது தூங்கிக்கொண்டிருக்கும்.