சொல்வது உண்மையாகவே இருந்தால்?

சந்தேக நோய் என்று ஒருவரை அழைத்து வரும் குடும்பத்தார் முதலில் சொல்வது, "டாக்டர், இவங்க சொல்றது அத்தனையும் பொய்." டெல்யூஷன் என்றால் பொய்யான நம்பிக்கை என்றுதான் நாங்களும் படித்தோம். 1913இல் ஜெர்மன் மனநல மருத்துவர் கார்ல் யாஸ்பர்ஸ் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: அசாத்திய உறுதி, எந்த வாதத்துக்கும் மசியாமை, நடக்கவே முடியாத விஷயம். இவை மேலோட்டமானவை என்றும் அவரே எழுதினார். அதை யாரும் பரீட்சையில் கேட்பதில்லை. மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேட்டின் (டிஎஸ்எம்) 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு, 'எதிரான ஆதாரத்தைக் காட்டினாலும் மாறாத நம்பிக்கை' என்று விளக்கத்தை மாற்றியது. ஆனால் அதே நூலின் பின்னிணைப்பில் 'பொய்யான' என்ற சொல் பத்திரமாக இருக்கிறது.

சரி, அந்த ஆதாரத்தைக் காட்டுவது யார்? கூட்டம் நெரியும் ஓபியில், கூட வந்தவர் சொல்வதுதான் ஆதாரம்.

கணவரை இழந்த ஓர் அம்மாவைக் கொழுந்தனார் அழைத்து வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). "என் தோட்டத்தை இவரு பேருக்கு மாத்திக்கிட்டாரு, சாப்பாட்டுல எதையோ கலக்குறாரு" என்பது அந்த அம்மாவின் புகார். தூக்கமில்லை, எடை குறைந்திருந்தது. கேட்டவுடன் மருந்து எழுதிவிடலாம் போலத்தான் இருந்தது. மகளை வரவழைத்து, தோட்டத்துக்கு ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்க்கச் சொன்னோம். தோட்டம் கொழுந்தனார் பெயருக்கு மாறித்தான் இருந்தது. சாப்பாட்டுப் பயம், பயப்படக் காரணம் உள்ள ஒருவரின் பயமாக மாறிவிட்டது. அவருக்கு முதலில் தேவைப்பட்டவர் வக்கீல்.

உண்மையைச் சொல்பவரை நோயாளி என்று நினைத்துவிடுவதற்கு எங்கள் துறையில் பெயரே உண்டு: மார்த்தா மிட்செல் விளைவு. அமெரிக்க முன்னாள் அட்டர்னி ஜெனரலின் மனைவியான அவர், 1972இல் வாட்டர்கேட் அரசியல் ஊழல் சமயத்தில் தன்னை ஓட்டல் அறையில் அடைத்துவைத்து ஊசி போட்டார்கள் என்று சொன்னபோது, குடிகாரி, புத்தி பேதலித்தவர் என்று ஒதுக்கினார்கள். 1975இல், வாட்டர்கேட்டில் தண்டிக்கப்பட்ட ஜேம்ஸ் மெக்கார்ட் என்பவரே மார்த்தா சொன்னதை ஆமோதித்தார்.

இதன் மறுபக்கம் இன்னும் சிக்கலானது. மனைவிக்கு வேறொருவரோடு தொடர்பு என்றார் ஒருவர். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கொடியில புடவை காயுது, முந்தானை தெருப் பக்கம் தொங்குது. பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு." நாளைக்கே அந்தத் தொடர்பு உண்மை என்று தெரியவந்தாலும் இவருக்குச் சிகிச்சை தேவைதான். முந்தானையிலிருந்து கள்ளக்காதலுக்குத் தாவிய அந்தத் தாவலில் நோய் இருக்கிறது. இந்த வகைச் சந்தேகம் அடிதடியில், சில சமயம் கொலையில் போய் முடியும்; ஆகவே மனைவி எங்கே பாதுகாப்பாக இருப்பார் என்பதை அன்றே பேசிவிட வேண்டும்.

ஊர் ஒப்புக்கொள்ளாத கருத்து என்பதும் அளவுகோல் ஆகாது. நமது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் தெளிவு: சமூகத்தின் ஒழுக்க, மத நம்பிக்கைகளோடு ஒத்துப்போகாததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது.

வீட்டில் இப்படி யாராவது இருந்தால் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். அந்த எண்ணம் எப்போது, எதைப் பார்த்து வந்தது என்று கேட்டுக் குறித்து வாருங்கள். தூக்கம் எப்போது கெட்டது என்பதும் வேண்டும். சொத்து விவகாரம் என்றால் பத்திர நகல்களோடு வாருங்கள். அப்புறம், அவரோடு தனியாகப் பேச டாக்டருக்குக் கொஞ்ச நேரம் விட்டு, வெளியே காத்திருங்கள்.