வீட்டு ஜெட் என்ஜினில் கண்ட எண்ணெயையும் ஊற்றுவதற்கு முன்

பழைய லாரி டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற கருவி) கேட்டு எங்கள் பட்டறைக்கு வருகிற கல்லூரிப் பையன்கள் இப்போது அதிகம். அதோடு எரிபொருள் எரிகிற ஒரு கலனை, அதாவது எரிகலனைச் சேர்த்தால் சின்ன ஜெட் என்ஜின் ரெடி. கேஸில் ஓடிவிட்டது, அடுத்து பொரித்த எண்ணெயில் ஓட்டலாமா, மெத்தனால் ஊற்றலாமா என்று கேட்கிறார்கள்.

கேட்பதில் தப்பே இல்லை. 1960களில் அமெரிக்காவின் கிறைஸ்லர் கம்பெனி செய்த, ஜெட் என்ஜின் போலவே சூடான வாயு ஒரு சக்கரத்தை (டர்பைனை) சுழற்றி ஓடுகிற டர்பைன் கார் டீசல், மண்ணெண்ணெய், தாவர எண்ணெய் எல்லாவற்றிலும் ஓடியது, மெக்சிகோ அதிபருக்காக டெக்கீலா மதுவை ஊற்றியும் ஓட்டிப் பார்த்தார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதது அன்று எல்லா பங்க்கிலும் கிடைத்த ஈயம் கலந்த பெட்ரோல்தான், ஏனென்றால் ஈயம் டர்பைனில் படிந்துவிடும். எரிந்த பிறகு உள்ளே என்ன தங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும், தம்பிகளா.

பொரித்த எண்ணெய் டீசலைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு கெட்டி. எரிபொருளைத் தெளிக்கிற நாசிலில் புகையாகச் சிதறாமல் சொட்டாக விழும், சுவரில் கரி கட்டும், பிறகு தீ ஒரு பக்கமாக நீண்டு டர்பைன் வீலையே தொடும். அதில் இருக்கிற உப்பு வேறு சூட்டில் உலோகத்தை அரிக்கும். இளக்குவதற்குப் பெட்ரோல் கலக்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள், கசிகிற ஆவி எங்கே பற்றும் என்று சொல்லவே முடியாது. மெத்தனாலில் வெப்பம் மண்ணெண்ணெயில் பாதிதான், அதனால் இரண்டு மடங்கு ஊற்ற வேண்டும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய பயம், பற்றாமல் உள்ளே தேங்குகிற எரிபொருள். 1937 ஏப்ரலில் இங்கிலாந்தின் ரக்பியில் ஃபிராங்க் விட்டில் என்ற பொறியாளர் தன் முதல் ஜெட் என்ஜினை ஓட்டியபோது, வால்வை மூடிய பிறகும் அது அலறிக்கொண்டு வேகம் ஏறிக்கொண்டே போனது, சுற்றி நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே உள்ளே கசிந்து தேங்கியிருந்த எரிபொருள்தான் காரணம். அப்புறம் அப்படித் தேங்காமல் இருக்க ஒரு வடிகால் வைத்தார்கள். கெட்டியான, சீக்கிரம் பற்றாத எண்ணெயில் இது இன்னும் சுலபமாக நடக்கும்.

அதனால் எரிகலனின் அடியில், ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வையுங்கள். கேஸில் ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடேறிய பிறகு எண்ணெய்க்கு மாறுங்கள், நிறுத்தும்போதும் கேஸுக்கு வந்து நாசிலைச் சுத்தமாக்கிவிட்டு நிறுத்துங்கள். ஒருமுறை பற்றவில்லை என்றால் உடனே இன்னொரு முறை முயற்சி செய்யாதீர்கள். எரிபொருளை மூடி, வடித்து, வெறும் காற்றை ஓடவிட்டு, உள்ளே ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மறுபடி தீ. மூடும் வால்வு என்ஜினில் இருக்கக் கூடாது, நீங்கள் நிற்கிற இடத்தில் கைக்கு எட்ட இருக்க வேண்டும். வீல் உடைந்தால் துண்டுகள் பக்கவாட்டில்தான் பறக்கும், வீடியோ எடுக்கிற நண்பர் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறார். அவரை முன்பக்கம் சாய்வாக, நன்றாகத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.