கடலூர் கரண்டில் ஓடும் கேமிங் பிசி: எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்காதீர்கள்

யாராவது முதல்முறையாகத் தானே ஒரு கேமிங் பிசி அசெம்பிள் செய்யப் போகிறேன் என்று பட்டியலைக் கொண்டுவந்து காட்டினால், நான் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பேன். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் அக்கா மகன் போன மாதம் காட்டியதும் அப்படித்தான் இருந்தது. பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ரேம் எல்லாம் மாடல் நம்பரோடு இருந்தன. கடைசி வரியில் மட்டும் "எஸ்எம்பிஎஸ், கேபினெட்டோடு வருவது" என்று எழுதியிருந்தான். "மாமா, அது கரண்ட் குடுக்குற பெட்டிதானே, அதுல மிச்சம் பிடிச்சா இன்னும் பெரிய கார்டு போடலாம்" என்றான்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். முதுநகர் வீட்டில் என் முதல் பிசிக்கு கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்தான். ஒரு ஐப்பசி மழை இரவில் கரண்ட் மூன்று தரம் போய்ப் போய் வந்தது, நான்காவது தரம் வந்தபோது மதர்போர்டுக்கு உயிர் இல்லை. அன்றைக்குப் போன பணத்தைவிட, ஏன் போனது என்று சொல்ல ஆள் இல்லாததுதான் எனக்கு வருத்தம். அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மற்ற பாகங்களை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தேர்வை மானிட்டரில் இருந்து தொடங்குங்கள். 1920×1080 திரையில் ஒரு படத்துக்குச் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 2560×1440 என்றால் சுமார் 36.9 லட்சம். இந்தப் புள்ளிகளுக்கு நிறம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை, ஆகவே திரை பெரிதானால் சுமை அதன் தலையில்தான் விழும். யார் எங்கே நிற்கிறார்கள், குண்டு யார் மேல் பட்டது, அடுத்து எதை வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது பிராசஸர். நொடிக்கு 60 படம் காட்டும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு படத்துக்கு இருவருக்கும் கிடைப்பது 16.7 மில்லி நொடி. 144 ஹெர்ட்ஸ் என்றால் 7 மில்லி நொடிகூட இல்லை, அதனால் வேகமான மானிட்டர் வாங்கினால் பிராசஸரும் ஓட வேண்டியிருக்கும். ரேம் 16 ஜிபி என்றால் ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள், மெமரிக்குப் போக ஒரு வழிக்குப் பதில் இரண்டு வழி கிடைக்கும். கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்கட்டும்.

சரி, இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம்.

சுவரில் வருவது 230 வோல்ட் ஏசி. நொடிக்கு 50 தரம் ஏறி இறங்கும் அலை அது, உச்சியில் 325 வோல்ட் வரை தொடும். எஸ்எம்பிஎஸ் முதலில் இதை ஒரே திசையில் ஓடும் டிசியாக மாற்றுகிறது. நல்ல பெட்டியில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று அதை இன்னும் தூக்கி 380, 400 வோல்ட் அளவில் ஒரு தடித்த கெபாசிட்டரில் நிரப்பி வைக்கும். அப்புறம் அதை நொடிக்குப் பல்லாயிரம் தரம், ஒரு லட்சம் தரம்கூட, போட்டு அணைத்து ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 12 வோல்ட்டாக இறக்குகிறது. இவ்வளவு வேகம் எதற்கு என்றால், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினால் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகம் சின்னதாக இருந்தாலே போதும். அதே 500 வாட்டை 50 ஹெர்ட்ஸிலேயே இறக்க வேண்டுமானால் ஸ்டெபிலைசரில் இருப்பது போல கிலோக்கணக்கில் இரும்பும் செம்பும் வேண்டும்.

அந்தத் தடித்த கெபாசிட்டர்தான் நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். அதை மொட்டைமாடித் தொட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், தெருக் குழாயில் தண்ணீர் நின்றாலும் கொஞ்ச நேரம் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கும். காற்றில் தென்னை மட்டை கம்பியில் உரசினால் ட்யூப்லைட் ஒரு தரம் கண் சிமிட்டுகிறதே, அந்த இடைவெளியைத் தாண்ட இந்தத் தொட்டிதான் கை கொடுக்கும். கரண்ட் நின்ற பிறகும் சுமார் 16, 17 மில்லி நொடி தாங்க வேண்டும் என்று, பிசி எஸ்எம்பிஎஸ் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஏடிஎக்ஸ் வரையறை எதிர்பார்க்கிறது. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் நிற்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குள் சமாளிக்க முடியாது என்று தெரிந்தால், நல்ல எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்குக் கொடுக்கும் "எல்லாம் சரி" என்ற சிக்னலை விலக்கிக்கொள்ளும், மதர்போர்டும் ஒழுங்காக நின்றுவிடும். மலிவுப் பெட்டியில் செலவைக் குறைக்க முதலில் இந்தக் கெபாசிட்டரைச் சின்னதாக்குவார்கள், பாதுகாப்புச் சுற்றுகளையும் விட்டுவிடுவார்கள். 12 வோல்ட் தள்ளாடித் தள்ளாடி விழும்போது மதர்போர்டு பாவம் என்ன செய்யும்!

வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். அதன் பின்னால் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், பாருங்கள். பிசிக்கு அதைத்தான் போட வேண்டும், சாதாரண மோடில் அது பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரத்தை ஃபேனும் லைட்டும் பொறுத்துக்கொள்ளும், பிசி பொறுக்காது. புதிதாக வாங்குவதாக இருந்தால் சைன் வேவ் இன்வர்ட்டராக வாங்குங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி சுற்று அலையின் வடிவத்தைப் பின்தொடர்ந்தே கரண்ட் இழுக்கும், சதுர அலையைக் கொடுத்தால் சில பெட்டிகள் தடுமாறி அணைந்துவிடும்.

எத்தனை வாட்? அக்கா மகனின் பட்டியலில் இருந்த ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட், ரைசன் 5 7600 பிராசஸர் முழு வேகத்தில் 88 வாட், மற்றதெல்லாம் சேர்ந்து 50, 60 வாட். மொத்தம் 260 சொச்சம். அப்படியானால் 300 வாட் போதுமே என்று தோன்றும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு சீராக இழுப்பதில்லை, மைக்ரோ நொடிக் கணக்கில் திடீரென்று தன் சராசரியைவிட ரொம்ப அதிகமாக இழுத்துவிட்டு உடனே இறங்கும். இதற்காகவே 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, எஸ்எம்பிஎஸ் தன் வாட் அளவைப்போல் இரண்டு மடங்கு வரைகூட 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும் என்று கேட்கிறது. இந்தப் பட்டியலுக்கு நான் 550 வாட் சொன்னேன். வாங்கும்போது பெட்டி மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்பாமல், பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்து, 12 வோல்ட்டில் 20 ஆம்பியர்தான் என்றால் உங்கள் கார்டுக்கும் பிராசஸருக்கும் அது 240 வாட் பெட்டிதான்.

வெயிலும் ஒரு கணக்கு. கெபாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றும், சுமார் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. கத்திரி வெயிலில் மொட்டைமாடி அறையில் விளையாடுகிறவர்களுக்கு 85 டிகிரி கெபாசிட்டருக்கும் 105 டிகிரி கெபாசிட்டருக்கும் உள்ள வித்தியாசம் வருடக் கணக்கில் தெரியும்.

அப்புறம் கடல். தேவனாம்பட்டினம் பக்கமோ புதுச்சேரி பீச் ரோடு பக்கமோ வீடு என்றால் காற்றில் உப்பு இருக்கும். உப்புத்தூள் போர்டு மேல் காய்ந்து கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானே நீரை இழுத்துக் கரைந்து கரண்ட் கடத்தும் படலமாகிவிடும், மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். இங்கே ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டாத மாதம் எது? கேபினெட்டைக் கடல் பக்க ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள், தூசி வலையை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அணைத்தே வைக்காதீர்கள். ஓடும் பிசியின் சூடு ஈரத்தை அண்டவிடாது.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள். கரண்டில் கலக்கும் மின் இரைச்சலை வடிக்க எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸில் இருந்தும் நியூட்ரலில் இருந்தும் உடம்புத் தகட்டுக்கு இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால் தகடு இரண்டுக்கும் நடுவில், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் ரொம்பக் குறைவு என்பதால் சுருக்கோடு போகிறது, ஆனால் அந்த வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. உப்பு மண்ணில் எர்த் பைப் துருப்பிடித்துப்போவது இங்கே சாதாரணம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தத் தடித்த கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவு வோல்டேஜ் நின்றிருக்கும்.

அக்கா மகன் ஒரு வாரம் யோசித்தான். கார்டைப் பெரிதாக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, 550 வாட்டில் '80 பிளஸ் ப்ரான்ஸ்' (கரண்டை எவ்வளவு வீணாக்காது என்பதற்கான வெண்கலத் தரச் சான்று) பெட்டியை எழுதிக்கொண்டு வந்தான். எர்த்தைச் சோதித்தபோது, வீடு கட்டிய நாளில் போட்ட பைப்பின் பாதி மண்ணோடு மண்ணாகக் கரைந்திருந்தது. புதுப் பைப் இறக்கிய பிறகுதான் மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டியில் இருந்தே எடுத்தோம்.