பதிவு செய்த நிகழ்ச்சியில் சரவுண்ட் ஒலி அறுந்து வந்தால் முதலில் செய்ய வேண்டிய சோதனை

வடசென்னையில் ஹோம் தியேட்டர் அமைத்துத் தருவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். செட்டாப் பாக்ஸில் பதிவு செய்து வைத்த படத்தையோ கிரிக்கெட் ஆட்டத்தையோ போட்டுப் பார்க்கும்போது சத்தம் அறுந்து அறுந்து வருகிறது என்றும், பின்பக்க ஒலிபெருக்கிகளில் திடீரென 'டப்' என்று கேட்கிறது என்றும் திருவொற்றியூரிலிருந்து பெரம்பூர் வரை பலர் அழைக்கிறார்கள். அழைக்கும்போதே ஆம்ப்ளிஃபையர் போய்விட்டது என்ற முடிவுக்குப் பெரும்பாலோர் வந்துவிடுகிறார்கள். சிலர் புதிய சவுண்ட் பாருக்கு விலையும் விசாரித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் அனைவரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: குறை பதிவுக்குள் இருக்கிறதா, அல்லது பதிவை ஒலிக்கச் செய்யும் இடத்தில் இருக்கிறதா? இதற்கு விடை தெரியாமல் எந்தப் பொருளையும் வாங்க வேண்டாம்.

விடை காண்பதற்குக் கருவி ஏதும் தேவையில்லை. சத்தம் அறுந்த இடத்தின் நேரத்தைத் திரையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அரை நிமிடம் பின்னால் ஓட்டி, அதே பகுதியை இரண்டு மூன்று முறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே சொல்லில், அதே நொடியில் அறுந்தால் குறை பெரும்பாலும் பதிவிலேயே இருக்கிறது. இடம் மாறி மாறி அறுந்தாலோ, இரண்டாம் முறை சரியாகக் கேட்டாலோ, பதிவு நன்றாக இருக்கிறது. கேபிள், அமைப்புகள், ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) ஆகியவற்றில்தான் தேட வேண்டும். நேரலையில் ஒருமுறை போன சத்தம் போனதுதான். அதைத் திரும்பக் கேட்டுச் சோதிக்க வழியில்லை. பதிவில் இந்த வசதி இருப்பதால், குறை கண்டுபிடிப்பதற்கு நேரலையை விடப் பதிவே நமக்கு அதிகம் உதவுகிறது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. படம் 5.1 ஒலியில் (ஐந்து ஒலிபெருக்கிகளுக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனியே வரும் சரவுண்ட் ஒலி) ஓடிக்கொண்டிருக்கும்போது விளம்பரம் ஸ்டீரியோவில் (இடம், வலம் என இரண்டு தடங்கள் மட்டும்) வந்தால், ரிசீவர் புதிய வடிவத்தை அடையாளம் கண்டுகொள்ளும் வரை சத்தத்தைச் சற்று நிறுத்தி வைக்கும். விளம்பரம் முடிந்து படம் தொடங்கும்போதும் அப்படியே நடக்கும். இந்த மௌனம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வருவதால் பதிவு கெட்டுவிட்டது போலத் தோன்றும். ஆகவே அதே பகுதியை டிவியின் சொந்த ஒலிபெருக்கியிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். அங்கே தடையின்றிக் கேட்டால் பதிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விளம்பர எல்லைகளில் மட்டும் வரும் இந்த இடைவெளிக்காக எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டியதில்லை. அது தொந்தரவாக இருந்தால் செட்டாப் பாக்ஸின் ஒலி அமைப்பை பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அப்படி மாற்றினால் பெரும்பாலான பெட்டிகளில் ஸ்டீரியோ மட்டுமே கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

படம் தெளிவாக இருக்கும்போது சத்தம் மட்டும் எப்படிக் கெடும் என்று பலர் கேட்கிறார்கள். டிஜிட்டல் ஒளிபரப்பில் படமும் ஒலியும் 188 பைட் அளவுள்ள சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரே ஓடையில் கலந்து வருகின்றன. 5.1 ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் ஒன்றான டால்பி டிஜிட்டலில் ஒலி 32 மில்லிநொடி நீளமுள்ள துண்டுகளாக அமைக்கப்படுகிறது. நொடிக்கு 448 கிலோபிட் வேகத்தில் ஒரு துண்டுக்கு 1792 பைட், அதாவது ஏறத்தாழப் பத்துப் பொட்டலங்கள் வேண்டும். அவற்றில் ஒன்று தவறினாலும் அந்தத் துண்டு சரிபார்ப்பில் தோற்றுவிடும். தோற்ற துண்டை அப்படியே ஒலிக்கச் செய்தால் காதைக் கிழிக்கும் ஓசை வரும் என்பதால் ரிசீவர் அதை ஒதுக்கிவிட்டு மௌனமாகிறது. மீண்டும் ஓடையைப் பிடித்துக்கொள்ளச் சில ரிசீவர்கள் கூடுதல் நேரமும் எடுத்துக்கொள்கின்றன. படத்தில் ஒரு பகுதி தவறினால் முந்தைய காட்சியிலிருந்து எடுத்து ஒட்டிச் சமாளிக்கப் பெட்டியால் முடிகிறது. ஒலிக்கு அந்தச் சலுகை மிகவும் குறைவு. கண் கவனிக்காத சிறு இழப்பைக் காது உடனே கண்டுகொள்வதற்கு இதுவே காரணம்.

குறை பதிவில்தான் என்று தெரிந்தால், அடுத்து சிக்னலைப் பார்க்க வேண்டும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய பகுதிகளில் உள்ளவர்கள் இதில் தனிக்கவனம் செலுத்த வேண்டும். உப்புக்காற்று டிஷ்ஷின் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நீட்டி நின்று சிக்னலை வாங்கும் பாகம்) முனையிலும், கேபிளின் நுனியில் திருகும் எஃப் கனெக்டரிலும் பச்சை பூக்க வைக்கிறது. கனெக்டருக்குள் ஈரம் இறங்கினால் கேபிளின் செம்புக் கம்பி நெடுந்தூரம் கறுத்துப்போகிறது. அப்படிப்பட்ட கேபிளில் முனையை மட்டும் மாற்றுவது வீண்வேலை. முழு நீளத்தையும் மாற்றி, கனெக்டரின் மேல் நீர் புகாத நாடாவைச் சுற்ற வேண்டும். டிடிஎச் சேவைகள் பயன்படுத்தும் கேயு அலைவரிசை கனமழையில் வலுவிழப்பது இயல்பு. வடகிழக்குப் பருவமழையின்போது பதிவான நிகழ்ச்சியில் குறை இருந்து, வெயில் நாளில் பதிவானது சுத்தமாக இருந்தால், டிஷ் சற்றே திசை விலகி நிற்கிறது என்று சந்தேகிக்கலாம். 2016 டிசம்பரில் வந்த வர்தா போன்ற புயல் ஒரு டிஷ்ஷைக் கீழே தள்ளாமல், ஓரிரு டிகிரி மட்டும் திருப்பி வைத்துவிட்டுப் போகலாம்; வெயிலில் படம் வந்துகொண்டிருப்பதால் வீட்டாருக்கு அது தெரியாது. பெட்டியின் சிக்னல் திரையில் வலிமை, தரம் என்று இரு கோடுகள் இருக்கும். வலிமை நிறைந்திருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். பார்க்க வேண்டியது தரக்கோடு.

கேபிள் இணைப்பு வைத்திருப்பவர்கள் ஸ்பிளிட்டர்களை எண்ணிப் பாருங்கள். ஒரே இணைப்பை மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் பிரித்துப் பிரித்துக் கொடுத்திருந்தால் ஒவ்வொரு பிரிப்பிலும் சிக்னல் குறையும்.

நேரலை சுத்தமாக இருந்து, பதிவில் மட்டும் ஒலி அறுந்தால், சேமிக்கும் சாதனத்தைச் சந்தேகியுங்கள். மலிவான பென் டிரைவ்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவ்வப்போது தங்கள் உள்வேலைக்காக நின்று நின்று எழுதும். அந்தத் தயக்கம் நீண்டால் வந்துகொண்டிருக்கும் தரவில் ஒரு பகுதி தவறிப்போகும். யூஎஸ்பி 2.0 இணைப்பு தர வேண்டிய மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர்தான். சுழலும் ஹார்டு டிஸ்க்கிற்கு அது போதாமல் போகக்கூடும். அப்போது தனி அடாப்டர் உள்ள டிஸ்க்கைப் பயன்படுத்துவதே நல்லது. இன்னோர் அடையாளமும் உண்டு. ஃபேட்32 முறையில் வடிவமைத்த டிஸ்க்கில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வரும் சேனல் ஒரு மணி பத்து நிமிடத்தை ஒட்டி அந்த எல்லையைத் தொடும். பெட்டி அங்கே கோப்பை முடித்து அடுத்ததைத் தொடங்கும்போது ஒலியில் ஒரு வெட்டு விழலாம். எல்லாப் பதிவுகளிலும் ஏறக்குறைய அதே நேரத்தில் ஒரே ஒரு வெட்டு விழுந்தால் இதுதான் காரணமாக இருக்கும். டிஸ்க்கை வேறு முறையில் வடிவமைக்கப் பெட்டி அனுமதித்தால் தீர்ந்துவிடும். ஆனால் பழைய பதிவுகள் அழிந்துவிடும் என்பதால் அவற்றைப் பார்த்து முடித்த பிறகே அதைச் செய்யுங்கள்.

குறை இடம் மாறி வருமானால் மொட்டை மாடிக்கு ஏறவே வேண்டாம். ஒலியை ஒளியாகக் கொண்டுசெல்லும் ஆப்டிக்கல் கேபிள் சுவருக்கும் ஷோகேஸுக்கும் நடுவே கூர்மையாக மடங்கியிருக்கிறதா, முனை முழுமையாக உள்ளே அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டால்பி டிஜிட்டலின் புதிய வடிவமான டால்பி டிஜிட்டல் பிளஸில் வரும் ஒலி ஆப்டிக்கல் வழியே அப்படியே செல்லாது; பெட்டியோ டிவியோ அதைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றித் தர வேண்டும். அந்த மாற்றத்தைச் சரியாகச் செய்யாத டிவி நடுவில் இருந்தால், பெட்டியை எச்டிஎம்ஐ வழியே நேராக ரிசீவரில் இணைத்து, அங்கிருந்து டிவிக்குக் கொண்டுபோவதே நான் விரும்பும் முறை. கத்திரி வெயிலில் கண்ணாடிக் கதவுள்ள ஷோகேஸுக்குள், ஆம்ப்ளிஃபையரின் தலைமேல் செட்டாப் பாக்ஸை வைத்திருப்பவர்களும் உண்டு. முதல் ஒரு மணி நேரம் சரியாக ஓடி, பிறகு தடுமாறத் தொடங்கினால், கதவைத் திறந்து பெட்டியைத் தனியே வைத்துப் பாருங்கள்.

காசிமேட்டில் ஓர் அம்மா என்னிடம், "பாட்டு நல்லா கேக்குது தம்பி, பேசறதுதான் கேக்கமாட்டேங்குது" என்றார். 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்கே அனுப்பப்படுகிறது. அதன் ஒயர் கழன்றிருந்தாலோ, நடு ஒலிபெருக்கியே இல்லாத வீட்டில் இருப்பதாக ரிசீவரில் குறித்திருந்தாலோ, இசை மட்டும் கேட்டு வசனம் காணாமல் போகும். அவர் வீட்டில் ஒயரைத் திருகியதோடு வேலை முடிந்தது. பதிவைக் குறை சொல்வதற்கு முன் ரிசீவரின் சோதனை ஓசையை ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் கேட்டுவிடுவது நல்லது.

சப்வூஃபரில் இடைவிடாமல் தாழ்ந்த இரைச்சல் கேட்டால் அது வேறு வகை. எல்லாச் சாதனங்களின் மின் இணைப்பையும் அணைத்து, வெளியிலிருந்து வரும் கோஆக்சியல் கேபிளைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்குங்கள். இரைச்சல் நின்றால், தெருக் கேபிளின் எர்த்துக்கும் வீட்டு எர்த்துக்கும் வேறுபாடு இருக்கிறது. இரைச்சலை நிறுத்துவதற்காக ஆம்ப்ளிஃபையரின் எர்த் பின்னை வெட்டிவிடும் வழக்கத்தை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது உயிரோடு விளையாடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள், யாரையும் செய்யவும் விடாதீர்கள். கேபிள் முனையைத் தொடும்போது சுருக்கென்று இருந்தால் அதை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மழையிலும் இடி மின்னலிலும் டிஷ்ஷைத் திருப்ப மாடிக்குப் போவதும் அவ்வளவே ஆபத்தானது.

பதிவிலேயே தவறிய ஒலியை எந்த ரிசீவராலும் மீட்க முடியாது. கட்டணச் சேனல்களின் பதிவுகள் பொதுவாக அந்தப் பெட்டிக்கு மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டிருப்பதால் கணினியில் எடுத்துத் திருத்தவும் வழியில்லை. மறுஒளிபரப்பு இருந்தால், சிக்னலையும் டிஸ்க்கையும் சரிசெய்த பிறகு மீண்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். சேவை மையத்தையோ என்னைப் போன்ற ஒருவரையோ அழைக்கும்போது, சேனலின் பெயர், ஒலி அறுந்த நேரம், திரும்ப ஓட்டியபோது அதே இடத்தில் அறுந்ததா, அப்போது படத்தில் கட்டங்கள் தெரிந்தனவா, டிவி ஒலிபெருக்கியில் எப்படி இருந்தது, அன்று மழை பெய்ததா ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால், வருபவர் கேபிளைக் கொண்டுவர வேண்டுமா, டிஸ்க்கைக் கொண்டுவர வேண்டுமா என்பது புறப்படும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.