கபித்துலாசியோன்: அயாகுச்சோ போர்க்களம் தந்த சொல்

1824 டிசம்பர் 9 அன்று பெரு நாட்டின் கினுவா சமவெளியில் நடந்த அயாகுச்சோ போரில், அந்தோனியோ ஹோசே தே சூக்ரே நடத்திய விடுதலைப் படை, தன்னைவிடப் பெரிய ஸ்பானிய அரசப் படையை வென்றது. வைசிராய் லா செர்னா காயமுற்றுப் பிடிபட்டதால், அவருக்கு அடுத்த நிலையிலிருந்த தளபதி கந்தெராக் ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டார். அதற்கு ஸ்பானிய மொழியில் 'கபித்துலாசியோன்' என்று பெயர். தமிழில் இதைச் 'சரணாகதி' என்று எழுதினால் பொருள் தவறிவிடும்.

லத்தீனில் 'கபுட்' என்றால் தலை. 'கபிட்டுலும்' என்றால் சிறு தலை, அதாவது நூலின் தலைப்பு அல்லது இயல். தமிழிலும் தலையிலிருந்தே தலைப்பு பிறந்தது. ஒரு செய்தியைத் தலைப்புத் தலைப்பாகப் பிரித்தெழுதி உடன்படுவதே இச்சொல்லின் முதற்பொருள். 1492இல் ஸ்பானிய அரசர்கள் கொலம்பஸுடன் சாந்தா பே ஊரில் செய்துகொண்ட ஒப்பந்தமும் இப்பெயரையே தாங்கியது. அங்கே தோற்றவர் எவருமில்லை. கோட்டையையோ படையையோ விதிகளுக்கு உட்பட்டு ஒப்படைப்பது என்ற பொருள், போர் வழக்கில் கிளைத்ததாகும்.

அயாகுச்சோ ஆவணத்தைப் படித்தால் இந்த வேர்ப்பொருள் தெளிவாகப் புலப்படும். தோற்ற தரப்பு ஒவ்வொரு கோரிக்கையையும் தனிப் பிரிவாக முன்வைக்க, வென்றவர் அதன் கீழேயே தம் விடையை எழுதுகிறார். பல இடங்களில் அவ்விடை 'கொன்செதிதோ', அதாவது 'இசைவு அளிக்கப்பட்டது' என்றே தொடங்குகிறது. நாடு திரும்ப விரும்பும் ஸ்பானிய வீரரின் பயணச் செலவைப் பெரு அரசே ஏற்கும். விரும்புவோர் தாம் வகித்த பதவியுடனேயே பெருவின் படையில் சேரலாம். அரச தரப்பை ஆதரித்துப் பேசியமைக்காக எவரும் துன்புறுத்தப்படமாட்டார். பகைவரிடம் சூக்ரே காட்டிய இப்பெருந்தன்மை போற்றத்தக்கது.

வைணவ மரபில் சரணாகதி என்பது எந்த விதியும் பேசாது இறைவனிடம் தன்னை முழுதும் ஒப்புவிப்பது. ஆகவே இங்கு அது நேர் எதிரான பொருளைத் தருகிறது. 'சரணடைதல்' ஓரளவு பொருந்தினாலும், எழுதப்பட்ட விதிகள் என்ற கூறு அதில் இல்லை. 'நிபந்தனைச் சரண்' என்பது பலருக்கும் புரியும். எனினும் 'உடன்பாட்டு ஒப்படைப்பு' என்பதே சாலப் பொருந்தும் என்பேன். இரு தரப்பின் இசைவையும், படைக்கலமும் கோட்டையும் கைமாறுவதையும் அது ஒருங்கே சுட்டுகிறது.

கயாவ் துறைமுகக் கோட்டையும் இவ்வாவணத்தின்படி கைமாறியிருக்க வேண்டும். அதன் தளபதி ரோதில் மறுத்து முற்றுகையைத் தாங்கினார். உள்ளே பசியாலும் நோயாலும் பலர் மடிந்தபின், 1826 ஜனவரியில் அவரும் தனியே ஓர் உடன்பாட்டு ஒப்படைப்பைச் செய்துகொண்டே வெளியேறினார்.