லேன்யார்டு: கழுத்தில் தொங்கும் பயணச்சீட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

கோயம்பேடு மெட்ரோ நிலையத்தின் தானியங்கிக் கதவருகே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அட்டையைத் தேடிப் பையைத் துழாவுகிறவர்கள் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர்கள் அதைக் கழற்றாமலே கருவிமேல் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தத் தொங்கலுக்குத் தமிழில் என்ன பெயர் என்று என் அண்ணன் மகள் கேட்டாள். பள்ளிக் கட்டுரைக்காம். "லேன்யார்டுன்னு எழுத மனசு வரல சித்தப்பா" என்றாள். உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. சில வாரம் அகராதிகளோடு உட்கார்ந்த பிறகு எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பிரித்துக்கொள்வோம். இதில் இரண்டு உறுப்பு உண்டு: கழுத்தில் விழும் கயிறு ஒன்று, சீட்டைத் தாங்கும் உறை ஒன்று. லேன்யார்டு என்ற சொல் கயிற்றை மட்டுமே குறிக்கும். கடைக்காரரிடம் போனால் கயிற்றை 'டேக்' என்பார், உறையை 'ஹோல்டர்' என்பார். கடவுச்சீட்டு வைக்கிற துணிப்பையாக இருந்தால் அது 'பவுச்'. உறையின் அளவை உள்ளே போகும் பொருள் முடிவு செய்கிறது. மெட்ரோ அட்டையும் வங்கி அட்டையும் உலகெங்கும் பெரும்பாலும் ஒரே அளவு, 85.60 மி.மீ.க்கு 53.98 மி.மீ. கடவுச்சீட்டு 125க்கு 88. ஆகவே முன்னது உள்ளங்கைக்குள் அடங்கும்; பின்னது சட்டைக்குள் மறைத்துப் போடும் பையாகிவிடும்.

இனிச் சொல்லின் பிறப்பு. பழைய பிரெஞ்சில் 'லானியேர்' என்றால் தோலில் அறுத்தெடுத்த வார். செருப்பு வார், கடிவாள வார் என்று நாம் சொல்கிறோமே, அதே வார்தான். ஆங்கிலத்துக்குள் வந்ததும் அது கப்பலேறியது. பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் வடங்களின் அடியில், துளையிட்ட மரக்கட்டைகளுக்குள் கோத்து முறுக்கேற்றும் சிறு கயிறு லேன்யார்டு ஆயிற்று. சொல்லின் கடைசியில் நிற்கும் 'யார்டு' அங்கே ஒட்டியதுதான். கப்பலில் பாயைக் கட்டித் தொங்கவிடும் குறுக்குமரத்துக்கு ஆங்கிலத்தில் 'யார்டு' என்று பெயர். அந்த மரத்துக்கும் இந்தக் கயிற்றின் பிறப்புக்கும் உறவில்லை. நாளெல்லாம் அந்த மரத்தின் பெயரைச் சொல்லிப் பழகிய மாலுமிகளின் வாயில் பிரெஞ்சுச் சொல்லின் வால் அப்படித் திரிந்துவிட்டது. நம் கடற்கரையில் அதே குறுக்குமரத்தின் பெயர் பருமல். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்முனையைக் கட்டி இழுக்கும் கயிறு தாமான். ஒவ்வொரு கயிற்றுக்கும் தனிப்பெயர் வைத்த மொழி, கழுத்துக் கயிற்றுக்குப் பெயரில்லாமல் நிற்கக் கூடாது என்ற எண்ணம் எனக்கு இங்கேதான் உறுதிப்பட்டது.

கப்பலிலிருந்து கழுத்துக்கு எப்படி வந்தது? பாய்மரத்தில் ஏறுகிறவனுக்கு இரண்டு கையும் வேண்டும். கத்தியும் ஊதலும் கைநழுவிக் கடலில் விழக் கூடாது. ஒரு துண்டு லேன்யார்டில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். பிறகு படைவீரரின் கைத்துப்பாக்கி, சாரணர் மாணவரின் ஊதல், அலுவலக அடையாள அட்டை என்று இறங்கி வந்து இன்று மெட்ரோ அட்டையைத் தாங்குகிறது. காரணம் மாறவே இல்லை: கை இரண்டும் வேறு வேலையில் இருக்கும்போது பொருள் உடம்போடு இருக்க வேண்டும். ஒரு கையில் பை, மறுகையில் குழந்தை என்று பேருந்தில் ஏறுகிற தாய்க்கும் அதே தேவைதான்.

இன்னொரு சொல்லையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 'டிக்கெட்' என்பதும் பழைய பிரெஞ்சு வழி வந்ததே. 'ஒட்டு', 'குத்திப் பொருத்து' என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்து, முதலில் சுவரிலோ பொருளிலோ ஒட்டிய சிறு குறிப்பைக் குறித்தது. ஆக, சீட்டு என்பது தொடக்கத்தில் எதன்மேலாவது ஒட்டிக்கிடந்த ஒன்று. கைக்குள் மடித்து வைத்ததெல்லாம் இடைக்காலம். இப்போது அது மறுபடி ஒட்டிக்கொள்ள ஓர் உடம்பைத் தேடிக்கொண்டுவிட்டது.

ஜப்பானில் இந்தப் பொருளுக்குப் பெயர் 'தெய்க்கி இரே'. தெய்க்கி என்பது பருவச்சீட்டைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம், இரே என்றால் இட்டு வைப்பது. தொடர்வண்டியில் பள்ளிக்குப் போகும் சிறு பிள்ளைகள், முதுகுப்பையின் வாரில் இதைச் சுருள்கயிறு வைத்து மாட்டியிருப்பார்கள். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கிக்கொள்ளும். அந்த முதுகுப்பைக்கு டச்சு மொழியிலிருந்து வந்த 'ரந்தோசெரு' என்ற பெயரையே வைத்துக்கொண்டார்கள். சீட்டு வைக்கும் உறைக்கு மட்டும் தங்களிடம் இருந்த இரண்டு எளிய சொற்களைச் சேர்த்தார்கள். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தினமும் தொடுகிற பொருளுக்காவது பெயர் வேண்டும்.

நம்மிடம் பொருள் இருந்ததா என்றால், நிறையவே இருந்தது. என் ஆத்தாவின் இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப்பை. வெற்றிலை, பாக்கு, சில்லறை, அதற்குள் எட்டாக மடித்த பேருந்துச் சீட்டு. பரிசோதகர் ஏறினால் பையை வெளியே எடுத்து, இரண்டு கயிற்றையும் விரலால் நெம்பி வாயை விரித்து, பாக்குத்தூள் ஒட்டிய சீட்டை நீட்டுவார். சுருக்குப்பை இல்லாதவர்கள் முந்தானையில் முடிந்துகொண்டார்கள். ஆண்களுக்கு வேட்டி மடி. மாட்டுச்சந்தைக்குப் போகிறவர்களும் வியாபாரிகளும் கைலிமேல் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டை இன்றும் பார்க்கலாம். மூடியோடு இரண்டு மூன்று அறை வைத்தது. ஹஜ் போகிறவர்களுக்கு இது வெறும் வசதி அல்ல. இஹ்ராம் என்னும் புனித நிலையில் ஆண்கள் உடுத்துவது தைக்காத இரண்டு துணி. அதில் சட்டைப்பை ஏது? பணமும் கடவுச்சீட்டும் வைக்கக் கைகொடுப்பது இடுப்புக் கச்சை. அதைக் கட்டிக்கொள்ள அனுமதி உண்டு.

கழுத்தில் சீட்டு தொங்கியதற்கும் தமிழரிடம் ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் இந்தச் சொல்லைத் தாண்ட முடியாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கங்காணிகள் திரட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துப்போன தொழிலாளர்களுக்குச் சிறு தகரவில்லை ஒன்றைக் கொடுத்தார்கள். தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த வில்லை. நூலில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். ஆங்கில ஆவணங்களில் அதன் பெயர் 'டின் டிக்கெட்'. தூத்துக்குடிக்குப் பக்கத்துத் தட்டப்பாறை முகாமிலும், பின்னாளில் மண்டபம் முகாமிலும் அந்த வில்லையைப் பார்த்துத்தான் யார் எந்தத் தோட்டத்துக்கு என்று பிரித்து அனுப்பினார்கள். வண்டிக்கும் கப்பலுக்கும் கையில் காசு கொடுக்க வேண்டியதில்லை. செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறியது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரை, ஒரு வார்த்தை பேசாமல், தமிழ்நாட்டுச் சிற்றூரிலிருந்து மலையகத்து லயம் எனும் வரிசைவீடு வரை கொண்டுசேர்க்க ஒரு தகரத்துண்டு போதுமாக இருந்தது.

செயலால் பார்த்தால் அது பயணச்சீட்டு. அணிந்துகொள்ளும் பயண ஆவணம். ஆனால் அதைப் பயணச்சீட்டு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு நா எழவில்லை. சரக்கு மூட்டையில் கட்டும் அடையாள வில்லைக்கும் அதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. தோட்டம் மாற நினைத்தவருக்குக் கடன் விவரம் எழுதிய 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. துண்டு என்ற தமிழ்ச்சொல் அப்படியே ஆங்கிலச் சட்ட ஏடுகளில் ஏறியிருக்கிறது. நம் சொல் ஒன்று உலக ஏட்டில் இடம்பெற்றதே என்று மகிழ முடியாத இடம் இது.

கழுத்தில் தொங்கும் பொருளுக்குப் பெயர் வைக்கும்போது இந்த நினைவு எனக்கு ஒரு அளவுகோல். கட்டுவதைக் குறிக்கும் சொல் வேண்டாம். விரும்பி அணிவதைக் குறிக்கும் சொல் வேண்டும்.

அந்தக் கோலால் அளந்தால் முதலில் விழுவது 'கழுத்துப்பட்டை'. சில மொழிபெயர்ப்புகளில் லேன்யார்டுக்கு இதைத்தான் போடுகிறார்கள். நாய்க்குக் கட்டுவதும் அதுதான், கழுத்தைச் சுற்றி இறுக்கும் மருத்துவப் பட்டையும் அதுதான். நெஞ்சுவரை தொங்கும் ஒன்றுக்குப் பொருளாலும் பொருந்தாது. 'டவாலி' என்ற சொல் பொருளில் வியப்பூட்டும் அளவுக்கு நெருங்கி வருகிறது. ஆட்சியர் அலுவலகச் சேவகர் மார்பின் குறுக்கே பித்தளை வில்லையோடு அணியும் பட்டை அது. உருது வழியாக வந்த அதன் வேர் பாரசீகத்தில் தோல்வாரைக் குறிக்கும். பிரெஞ்சு லானியேரும் பாரசீக தவாலும் ஒரே பொருள்! ஆனால் டவாலி என்றதும் அதிகாரியின் முன்னே ஒதுங்கி நடக்கும் ஊழியர்தான் கண்ணில் நிற்பார். அதை ஒரு மாணவியின் கழுத்தில் போட மாட்டேன். 'கழுத்துவார்' சொல்லளவில் மிகச் சரி, மூலத்துக்கு நேர்மாற்று. இடைவார் என்று இடுப்புப் பட்டைக்கு ஏற்கெனவே வழங்குகிறோம். எனினும் இன்றைய கயிறு தோலில் இல்லை. வார் என்றால் தோல்வாசம் வருகிறது. 'கழுத்துக் கயிறு' என்றால் எல்லாருக்கும் புரியும், ஆனால் கன்றுக்குட்டியும் தூக்குமரமும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

நாண் இருக்கிறது. பழைய வடிவம் ஞாண். ஞண்டு நண்டானதுபோல ஞாண் நாணாயிற்று. வில்லில் பூட்டினால் வில்நாண், திருமணத்தில் மங்கலநாண், இடுப்பில் அரைஞாண். அரை என்றால் இடுப்பு. அந்தப் பழைய ஞகரம் அரைஞாணில் மட்டும் உயிரோடு இருக்கிறது. பேச்சில் அரணாக்கயிறு, அருணாக்கொடி என்று ஊருக்கு ஊர் திரிந்தாலும் பிறந்த குழந்தைக்கு அதைக் கட்டாத வீடு குறைவு. தாயத்தும் பெட்டிச் சாவியும் அதில்தான் தொங்கின. அதாவது உடம்பில் அணிந்து, தொலையக் கூடாத பொருளை அதில் கோத்துவைக்கும் கயிற்றுக்குத் தமிழன் வைத்த பெயர் ஞாண். லேன்யார்டு செய்வதும் அதையேதான். அரைஞாண் இடுப்பில் என்றால், இது கழுத்துநாண். எனக்கு இதில் ஐயமே இல்லை.

உறைக்குத் தேட வேண்டியதில்லை. வாளுறை, கையுறை, தலையணை உறை வரிசையில் சீட்டுறை. 'கழுத்துறை' என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். கையைப் பொதிவது கையுறை என்றால் கழுத்துறை கழுத்தைப் பொதிவதாகிவிடும். உறை வாங்குகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: இன்றைய பயண அட்டைகள் 13.56 மெகாஹெர்ட்சு அலையில் சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் பேசுபவை. உலோகத் தகடு பதித்த சீட்டுறை அந்தப் பேச்சை அடைத்துவிடும். ஒரே உறையில் இரண்டு அட்டை வைத்தால் எதைப் படிப்பது என்று கருவி குழம்பும். சிங்காரச் சென்னை அட்டை 2023இல் மெட்ரோவுக்கு வந்து, 2025இல் மாநகரப் பேருந்துகளிலும் செல்லத் தொடங்கிய பிறகு, வங்கி அட்டையையும் இதையும் ஒன்றாகச் செருகிவைத்துத் திணறுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். குழந்தைகளுக்கு வாங்கினால், பிடரிப் பக்கம் இழுத்தால் தானே விடுபடும் பூட்டு உள்ள கழுத்துநாணாகப் பாருங்கள். கதவிலோ சக்கரத்திலோ சிக்கினால் கழுத்தை இறுக்காது.

நாணும் உறையும் சேர்ந்த முழுப் பொருளுக்கு ஒரே சொல் வேண்டுமென்றால்? எனக்குப் பிடித்தது உறி. வெண்ணெய்ப் பானையை உத்தரத்தில் தொங்கவிடும் உறிதான். கயிறும் தாங்கியும் ஒன்றாகச் சேர்ந்த பொருள் அது. தமிழில் இந்த அமைப்புக்கென்றே உள்ள சொல். வீட்டுக்குள் மட்டும் இருந்ததும் இல்லை. கலித்தொகையில் வெயிலில் வழிநடக்கும் அந்தணர்கள் குடையும் முக்கோலும் ஏந்தி, 'உறித் தாழ்ந்த கரகம்', அதாவது உறியில் தொங்கும் நீர்க்கலம், கொண்டு போகிறார்கள். பயணியோடு கூடவே நடந்த சொல். ஆகவே சீட்டுறி.

சீட்டுறையும் சீட்டுறியும் காதுக்கு மிக நெருங்கி ஒலிக்கின்றன என்று அண்ணன் மகள் தடை சொன்னாள். நியாயமான தடை. எழுத்தில் குழப்பமில்லை, கடையில் கேட்கும்போது குழப்பம் வரலாம். அப்படியானால் கடையில் "கழுத்துநாணோட ஒரு சீட்டுறை குடுங்க" என்று கேட்கலாம். அவள் கட்டுரையில் எழுதியது இது: "சீட்டுறியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியில் ஓடினேன்." ஆசிரியை உறிக்குக் கீழே கோடிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். மறுநாள் அவள் எழுந்து விளக்கம் சொன்னாளாம்.