பழைய டொமைனுக்கு உயிர் இருக்கட்டும்

சென்ற ஆண்டு ஒரு சிற்றிதழ் ஆசிரியர் அழைத்தார். இதழின் தளம் புது டொமைனுக்கு, அதாவது புது இணையப் பெயருக்கு, மாறி மூன்று மாதம் ஆகியிருந்தது. வாசகர் வரத்து பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. "ரீடைரக்ட் எல்லாம் போட்டாயிற்று என்றுதான் செய்தவர் சொன்னார்" என்றார். பழைய முகவரிக்கு வருபவரைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடுதான் ரீடைரக்ட்.

பழைய இதழொன்றில் வந்த சிறுகதையின் சுட்டியை அழுத்திப் பார்த்தேன். புதுத் தளத்தின் முகப்பில் கொண்டுபோய் நிறுத்தியது. ஒரு நேர்காணலின் சுட்டியை அழுத்தினேன். அதுவும் முகப்புதான். பதினோரு ஆண்டு இதழ்களுக்கும் அதே கதி. கதையைத் தேடி வந்தவரை வாசலில் நிறுத்தி "உள்ளே எங்கேயோ இருக்கிறது, தேடிக்கொள்" என்று சொன்னால் எத்தனை பேர் தேடுவார்கள்? கூகுளும் இப்படி மொத்தமாக முகப்புக்குத் தள்ளிய முகவரிகளைப் பெரும்பாலும் 'பக்கம் இல்லை' என்றே கணக்கில் வைக்கும். ஒவ்வொரு பழைய பக்கமும் அதே உள்ளடக்கம் உள்ள புதுப் பக்கத்துக்குப் போக வேண்டும். ரீடைரக்ட் வேலையில் முக்கால் பங்கு இதுதான்.

டொமைன் மட்டும் மாறி, அதற்குப் பின்னால் வரும் உள்முகவரிகள் அப்படியே இருந்தால், பக்கங்களை அனுப்பும் கணினியான சர்வரில் ஒரே வரி போதும். இங்கே உள்முகவரிகளும் மாறியிருந்தன. ஆகவே பழையதற்கு நேராகப் புதியதை எழுதி அட்டவணை தயாரிக்க வேண்டியிருந்தது. தமிழ்த் தளங்களில் இந்த வேலை எப்படிச் சிக்கும் என்பதை விரிவாகவே சொல்கிறேன்.

தலைப்பு தமிழில் இருந்தால் முகவரியும் தமிழில் அமையும். சர்வருக்கு அது எழுத்தாகப் போவதில்லை. கணினி எழுத்தைப் பதியும் ஒவ்வொரு யூனிகோடு குறியும் விழுக்காட்டுக் குறியோடு (%) சேர்ந்த 9 எழுத்துகளாக விரியும். 'கொ' என்ற ஓரெழுத்தில் இரண்டு குறிகள் இருப்பதால் அதுவே 18 ஆகிவிடும். தளங்களை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் இந்த நீளத்தை 200 வரைதான் அனுமதிக்கும். நீண்ட தலைப்பு வைத்த கட்டுரைகளின் முகவரி பாதியில் நறுக்கப்பட்டிருக்கும். தலைப்பைப் பார்த்துப் பழைய முகவரியை ஊகித்தால் பொருந்தாது. யார் எந்த முகவரியைக் கேட்டார்கள் என்று குறித்துவைக்கும் சர்வர் பதிவேட்டிலிருந்தும், பக்க முகவரிகளின் பட்டியலான பழைய தளவரைபடத்திலிருந்தும் உள்ளது உள்ளபடி எடுக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. 'கொ'வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சர்வருக்கு இரண்டும் வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இந்தப் பிரிந்த வடிவத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். அட்டவணையில் சரியாக இருப்பதுபோலத் தோன்றும் வரி ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு மாலைப் பொழுது முழுவதும் விழித்த பிறகுதான் இது பிடிபட்டது. இன்னொன்று, அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் முகவரியை மாற்றி எழுதும் ரீரைட் விதி, முன்பு சொன்ன விழுக்காட்டுக் குறிகளை எழுத்தாக அவிழ்த்த பிறகே ஒப்பிடும். நகலெடுத்த குறிகளை அப்படியே விதியில் ஒட்டினால் பொருந்தாது.

திருப்பிவிடும்போது சர்வர் ஓர் எண்ணையும் அனுப்பும். 301 நிரந்தர மாற்றத்துக்கு, 302 தற்காலிகத்துக்கு. 301 விடையை உலாவிகள் நினைவில் வைத்துக்கொள்ளும். தவறாகப் போட்டுவிட்டால் நீங்கள் திருத்திய பிறகும் சில வாசகர்களுக்குப் பழைய தவறே தொடரும். அதனால் 302 வைத்துச் சோதித்துவிட்டுப் பிறகு 301 ஆக்குவது என் வழக்கம்.

டிஎன்எஸ் அமைப்பை மாற்றினாலே ரீடைரக்ட் ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். டிஎன்எஸ் என்பது டொமைன் பெயருக்கு உரிய சர்வர் இருக்கும் இடத்தை மட்டும் காட்டும். 'அங்கே போ' என்று சொல்ல அந்த இடத்தில் ஒரு சர்வர் விழித்திருக்க வேண்டும். பழைய டொமைனுக்குப் பாதுகாப்பான இணைப்புக்கான (https) சான்றிதழும் செல்லுபடியாக இருக்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழின் ஆயுள் வழக்கமாக 90 நாள். அது காலாவதியானால், ரீடைரக்டை எட்டும் முன்பே வாசகர் எச்சரிக்கைப் பக்கத்தைப் பார்த்து மிரண்டு திரும்பிவிடுவார்.

எத்தனை நாள் இப்படி வைத்திருப்பது? குறைந்தது ஓர் ஆண்டு என்கிறது கூகுள். அது தேடுபொறியின் கணக்கு. ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் அச்சாகிவிட்ட முகவரி ஓர் ஆண்டில் தன்னைத் திருத்திக்கொள்ளாது. கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாக்ஸ்பாட்டின் கதை தமிழில் எழுதுகிறவர்கள் பலருக்கு நினைவிருக்கும். 2012இல் இந்திய வாசகர்களை டாட் காம் முகவரியிலிருந்து டாட் இன்னுக்குத் திருப்பிவிட்டார்கள். முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்த சுட்டிகளெல்லாம் டாட் இன் என்றே பரவின. 2018இல் திருப்புவதை நிறுத்தினார்கள். 2020இல் அந்த டாட் இன் டொமைனே கூகுளின் கையை விட்டுப் போயிற்று. பதிவுகள் டாட் காமில் பத்திரமாக இருந்தன. அவற்றைக் காட்டிய சுட்டிகள் செத்துப்போயின.

கைவிட்ட டொமைனை யாரும் வாங்கலாம். வாங்கியவர் மின்னஞ்சலும் அமைத்துக்கொள்ளலாம். பழைய டொமைன் மின்னஞ்சலைக் கொடுத்துத் திறந்த கணக்குகளை நீங்கள் மறந்திருந்தால், அவற்றின் கடவுச்சொல் மீட்புக் கடிதங்கள் அவருக்குத்தான் போகும். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சொச்சத்தை மிச்சம் பிடிக்கப் போய் இந்த ஆபத்தை விலைக்கு வாங்காதீர்கள். டாட் காம் டொமைனை 10 ஆண்டுக்குச் சேர்த்தே கட்டலாம். ஆசிரியரை அப்படியே கட்டச் செய்தேன்.

சனிக்கிழமைகளில் பழைய டொமைனின் பதிவேட்டில் 'பக்கம் இல்லை' என்று பொருள்படும் 404 வரிகளை மட்டும் பிரித்துப் பார்த்து, விடுபட்டவற்றை அட்டவணையில் சேர்க்கிறேன். சென்ற வாரம் இரண்டு சிக்கின. இரண்டிலும் கொம்பும் காலும் பிரிந்தே இருந்தன.